அறுபத்தோராம் செல்

“அம்மிணி, பேட்டரியில இந்த அறுபத்தோராம் செல்லைக் கழட்டி எறிஞ்சிருங்க. அந்த ஒண்ணுதான் என் மானத்தை வாங்குது” என்றார் செங்கோடன்.

கோகிலவாணி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரு சொன்னா?”

“போனு சொல்லுதுங்க.”

“வேற யாராச்சும் சொன்னாங்களா?”

“வேற யாருங்க சொல்லோணும்? நீங்களே பாருங்க, எப்பப் பார்த்தாலும் இதுதான் கடைசி.”

அவர் போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தானாக இறங்கியது.

நாமக்கல் புறவழிச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் கோகிலவாணியின் இடம். மின்சாரக் கார்களின் பேட்டரியைப் பார்ப்பது அவள் தொழில். வயது முப்பத்து நான்கு. ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசினாள் என்றால் அன்றைக்கு மழை வரும் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆனாலும் சேலம், கரூர் என்று எங்கெங்கிருந்தோ அவளைத் தேடிக் கார்கள் வந்தன.

செங்கோடனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். அதை விட்டுவிட்டு, ஐந்து வருஷம் ஓடிய சின்ன மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். நாமக்கல்லில் லாரியை விட்டவனைப் பார்ப்பது, கோயில் ஊரில் சாமி கும்பிடாதவனைப் பார்ப்பது மாதிரிதான். டீக்கடையில் அவர் நுழைந்தாலே பேச்சு நின்று சிரிப்பு ஆரம்பிக்கும்.

காரின் அடியில் தொண்ணூற்றாறு செல்கள் வரிசையாகக் கோத்துக் கிடந்தன. அதில் ஒன்று சோர்ந்துவிட்டாலும் மொத்த வண்டியும் நின்றுவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே செங்கோடன் ஒரு சின்னக் கருவியைச் செருகி வைத்திருந்தார். ஒவ்வொரு செல்லிலும் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அது போனுக்கு அனுப்பும். மிக மேலே நிற்கும் செல்லுக்கும் மிகக் கீழே நிற்கும் செல்லுக்கும் உள்ள வித்தியாசம், மில்லிவோல்ட் கணக்கில், திரையின் நடுவே பெரிய சிவப்பு எழுத்தில் வரும்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான் அவர் எழுந்தார். அதைப் பார்த்துத்தான் சாப்பிட்டார். மனைவியின் முகத்தைக்கூட அவர் அத்தனை தடவை பார்த்ததில்லை. இதை அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை கொல்லிமலையில், அறுபத்திரண்டாவது வளைவில், இன்னும் இருபத்திரண்டு சதவீதம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே கார் நின்றுவிட்டது. உள்ளே மலைமேல் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நான்கு பேர். தினமும் அவர் காரில் போகிறவர்கள். நான்கு பேரும் இறங்கி, கையில் சாப்பாட்டுப் பையோடு நடந்து மலை ஏறினார்கள். கணக்கு வாத்தியார் மாதேஸ்வரன் போகும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

திங்கட்கிழமை முழுப்பரிட்சை தொடங்குகிறது. அன்றைக்கும் நின்றால் மறுநாளிலிருந்து டீசல் ஜீப்தான் என்று அவர்களில் ஒருவரான தலைமையாசிரியை ஜெபமணி டீச்சர் சொல்லிவிட்டார். அந்த நாலு பேரும் போய்விட்டால் செங்கோடனுக்கு வேறு நிரந்தர ஓட்டம் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு மறுபடி லாரி ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

இன்றைக்கு வியாழன். பரிட்சைக்குப் படிப்பதற்காக இன்றிலிருந்து பள்ளிக்கு விடுமுறை.

“எப்பங்ணா ப்ளக்கைப் புடுங்குவீங்க?” என்று கேட்டாள் கோகிலவாணி.

செங்கோடன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“அதுல மட்டும் என்னை யாரும் குத்தம் சொல்ல முடியாதுங்க. மத்தவனுகளாட்டம் செருகிப் போட்டுட்டுத் தூங்கறவன் நானில்லை. பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். கடைசியில, எம்பத்தஞ்சு எம்பத்தாறு சதவீதத்துல, வித்தியாசம் கிடுகிடுன்னு ஏறும். நூறைத் தாண்டுச்சோ, அந்த நிமிஷமே புடுங்கிருவேன். ஒரு நாள் தவறுனதில்லை. ஒரு வருஷமா.”

“ஒரு வருஷமா.”

“ஒரு வருஷமாங்க.”

கோகிலவாணி முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பாராட்டு இருக்கிறது என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார். பாவம்.

அவள் சார்ஜரின் கேபிளை இழுத்து வந்து காரில் செருகினாள்.

“தானா நிக்கற வரைக்கும் புடுங்காதீங்க.”

“செல்லை மாத்த வேண்டாமுங்களா?”

அவள் அதற்குள் வேறொரு காரின் அடியில் நுழைந்துவிட்டாள்.

செங்கோடன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனை மடியில் வைத்து, சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

நாற்பது. நாற்பத்தைந்து. அறுபது.

எண்பத்தைந்து சதவீதத்தில் சிவப்பு எழுத்து துள்ளத் தொடங்கியது. எழுபது. தொண்ணூற்றிரண்டு. நூற்றுப் பதினெட்டு.

அடுப்பில் பால் பொங்கும்போது யாராவது யோசிப்பார்களா? கேபிள் அவர் கையில் இருந்தது.

கோகிலவாணி காரின் அடியிலிருந்து வெளியே வந்தாள். கேபிளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ஏறிருச்சுங்க” என்றார் செங்கோடன்.

“ஒரு சுத்து ஓட்டிட்டுக் காலையில வாங்க.”

“அப்ப செல்லு?”

அவள் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் செங்கோடன் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் சொல்வதை இவள் கேட்கவே இல்லை, நோய் இன்னதென்று கையில் எடுத்துக் கொடுத்தும் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்கிறாள், இவளுக்கா இத்தனை பெயர்?

வெள்ளிக்கிழமை காலையில் போனார்.

கோகிலவாணி மறுபடி ப்ளக்கைச் செருகினாள். கூரியர் ஆபீசுக்குப் போய்விட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

கேபிள் தரையில் கிடந்தது.

“நூத்தி நாப்பது வரைக்கும் விட்டனுங்க” என்றார் செங்கோடன். ஏதோ சாதித்துவிட்ட குரல்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய் ஏழு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ஒன்றில் கூட, ஒன்றில் குறைய. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. பக்கத்தில் ஒரு குடம், ஒரு கரண்டி.

“ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி ஊத்துங்க. ஒரு சுத்து முடிஞ்சா அடுத்த சுத்து. ஒண்ணுக்கு அதிகம் ஒண்ணுக்குக் கம்மி கிடையாது.”

“எதுக்குங்க?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வெளியே சாலையைப் பார்த்தாள்.

செங்கோடன் ஊற்றினார். ஒரு சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்றில் ஐந்தாவது டம்ளர் வழிந்து மேஜையெல்லாம் ஈரமாகிவிட்டது. அவர் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“நிறைஞ்சிருச்சுங்களே.”

“எது?”

“அஞ்சாவது.”

“மத்தது?”

செங்கோடன் குனிந்து பார்த்தார். முதலாவது முக்கால். மூன்றாவது, நான்காவது, ஆறாவது முக்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஏழாவதும் அப்படித்தான். இரண்டாவது பாதிகூட இல்லை.

“தாகத்தோட ஏழு பேரு வந்து நிக்கறாங்கன்னு வெச்சுக்குங்க. யாரு முதல்ல டம்ளரைக் கீழ வெப்பாங்க?”

“ரெண்டாவது டம்ளருக்காரன்.”

“ஒருத்தரு கீழ வெச்சா எல்லாரும் வெக்கோணும். அப்ப எல்லாரையும் நிறுத்தறது யாரு?”

“அவன்தான்.”

“ரெண்டாவது கெட்ட டம்ளருங்களா?”

செங்கோடன் அந்த டம்ளரைக் கையில் எடுத்து, தூக்கிப் பார்த்து, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று வெயிலில் காட்டினார். ஓட்டை இல்லை. நல்ல கனமான டம்ளர்.

வைத்த இடத்தில் வைத்தார். பிறகு ஒரு ஸ்பூனை எடுத்தார். ஐந்தாவது டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் மொண்டு கீழே கொட்டினார். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் ஊற்றினார். மறுபடி ஐந்தாவது தளும்பியது. மறுபடி மொண்டு கொட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆறாவதும் தளும்பியது. அதிலும் மொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகச் செய்தது.

அரை மணி நேரம் ஆயிற்று. மேஜை குளமாகிவிட்டது. ஏழு டம்ளரிலும் தண்ணீர் விளிம்பில் நின்றது.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அம்மிணி. அறுபத்தொண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க. அதுக்குப் பசி. ஒரு வருஷமா நான் பந்தி பாதியிலயே இலையை எடுத்திருக்கறேன்.”

கோகிலவாணி தலையை மட்டும் அசைத்தாள்.

“ஏறுதுன்னு பயந்து புடுங்கினேன். ஏறுனாத்தான் வேலையே ஆரம்பம்.”

“நிறைஞ்ச செல்லு தன் கரண்டைக் கொஞ்சங் கொஞ்சமா சூடா வெளிய விட்டுரும். அந்த நேரத்துல நிறையாதது வாங்கிக்கும். ப்ளக்குல நின்னாத்தான் அது நடக்கும்.”

இத்தனை நீளமாக அவள் பேசியது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. செங்கோடன் வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றையும் காணோம்.

“எனக்குப் புரிஞ்சிருச்சுங்க” என்றார்.

“உங்களுக்குப் புரிஞ்சிருச்சு” என்றாள் கோகிலவாணி. “கைக்கு?”

அவள் ப்ளக்கைச் செருகினாள். அப்போது மணி பன்னிரண்டு.

நூறைத் தாண்டியது. செங்கோடன் சிரித்தார். ஏறு, ஏறு என்றார்.

நூற்று நாற்பதைத் தாண்டியது. சிரிப்பு நின்றது.

நூற்றுத் தொண்ணூறு. அவர் எழுந்து நின்றார். கார் அமைதியாகத்தான் நின்றது. அதன் விசிறி மட்டும் எங்கோ உள்ளே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது மூச்சுத் திணறுவதுபோல் கேட்டது.

இருநூற்றுப் பத்து. அவர் வலது கை ப்ளக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டம்ளரில் பார்த்ததற்கும் அந்தக் கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். அவருக்கு அழுகை வந்தது.

“அம்மிணி! தீப் புடிச்சிராதுங்களா?”

கோகிலவாணி தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காரை ஒட்டிப் போட்டாள். முதுகைக் காரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். தக்காளிச் சோறு. நிதானமாகப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

செங்கோடன் அவளைப் பார்த்தபடி நின்றார்.

இருநூற்று முப்பது.

அவள் அப்பளத்தை உடைத்தாள்.

செங்கோடன் தன் ஸ்டூலை எடுத்து வந்தார். அவளுக்குப் பக்கத்தில் போட்டார். அவரும் முதுகைக் காரில் சாய்த்தார். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அவள் டப்பாவின் மூடியில் கொஞ்சம் சோறு வைத்து நீட்டினாள்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார். இருநூற்று முப்பத்தொன்று. கொஞ்ச நேரம் பார்த்தார். மாறவில்லை. கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

இருநூற்று முப்பது.

ஒன்று. ஒரே ஒன்று குறைந்திருந்தது. லாரியில் கல்கத்தா போய்த் திரும்பிய நாளில்கூட அவருக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. “எறங்குதுங்க அம்மிணி! எறங்குது!” என்று கத்தினார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

“காரு இங்கயே நிக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க” என்றாள் கோகிலவாணி.

அவர் போனார். தூங்கினார். மனைவி அவரை எழுப்பிப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மறுபடி படுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் நூற்றுப் பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்பத்தாறு. அறுபத்தோராம் செல் கடைசி இடத்தில் இல்லை. வரிசையில் எங்கேயோ நடுவில் கலந்துவிட்டது. செங்கோடன் தேடித்தான் கண்டுபிடித்தார். கல்யாணக் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையைத் தேடுகிற மாதிரி இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் அவர் ஜெபமணி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

“சரி பண்ணியாச்சா செங்கோடன்?”

“ஆச்சுங்க டீச்சர்.”

“என்ன மாத்துனீங்க?”

அவர் யோசித்தார்.

“ஒண்ணும் மாத்துலீங்க.”

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்துப் பழகியவர். செங்கோடன் முகத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

“நானும் தமிழ் டீச்சரும் உங்ககூட வர்றோம். மாதேஸ்வரன் சாரும் அறிவியல் டீச்சரும் ஜீப்புக்குச் சொல்லிட்டாங்க. அவங்களை நான் வற்புறுத்த முடியாது.”

பாதி. செங்கோடனுக்கு வலித்தது. ஆனால் புதன்கிழமை நடந்தவர்கள் அவர்கள். அவர் என்ன சொல்ல முடியும்?

திங்கட்கிழமை விடிந்ததும் கொட்டகைக்குப் போனார். கோகிலவாணி ப்ளக்கைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள்.

“நூறு” என்றாள். அவ்வளவுதான் வழியனுப்பு.

நூறு சதவீதத்தோடு அந்தக் கார் அந்த வருஷத்தில் புறப்பட்டதே இல்லை. இரண்டு டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டி, சேந்தமங்கலம் தாண்டி, காரவல்லி அடிவாரத்தில் எழுபத்தெட்டு. மலை ஏறத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று வளைவுகளின் எண் பலகைகள் வந்து வந்து போயின. ஜீப் முன்னாலேயே போய்விட்டது என்று டீச்சர் சொன்னார். வளைவுகளில் அதன் டீசல் புகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபத்து நான்காம் வளைவில் ஜீப் ஓரமாக நின்றது. டிரைவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். “சும்மா தண்ணி ஊத்த நிறுத்தினேன், போங்க போங்க” என்று கையைக் காட்டினான். மாதேஸ்வரன் வாத்தியார் வேறு பக்கம் பார்த்தார். செங்கோடன் போனார்.

அறுபத்திரண்டாம் வளைவு வந்தது. பின்சீட்டில் தமிழ் டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

கார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வளைந்து, ஏறி, போய்விட்டது.

பள்ளி வாசலில் நிறுத்தினபோது மணி எட்டேகால். முப்பத்து நான்கு சதவீதம் மிச்சம். ஜெபமணி டீச்சர் இறங்கி, கதவைச் சாத்தப் போனவர், மறுபடி திறந்து உள்ளே குனிந்து, “ரொம்ப நல்லாயிருந்தது செங்கோடன்” என்றார்.

எட்டரைக்கு டீச்சரின் போன் அடித்தது.

ஜீப்பின் ரேடியேட்டர் வெடித்துவிட்டது. இருபத்து நான்காம் வளைவை விட்டு நகரவே இல்லை. அடுத்த பஸ் பத்தே முக்காலுக்கு. பரிட்சை பத்து மணிக்கு. மூன்று அறை, மேற்பார்க்க இரண்டு பேர்.

டீச்சர் செங்கோடனைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

செங்கோடன் மீட்டரைப் பார்த்தார். முப்பத்து நான்கு. கீழே போய் மறுபடி ஏற வேண்டும். புதன்கிழமை இருபத்திரண்டில் நின்ற வண்டி இது. நடுவழியில் நின்றால் மூன்று பேர் மலையில் மாட்டிக்கொள்வார்கள். ஊரே சிரிக்கும். காலையில் கிடைத்த மானமும் போகும். பேசாமல் இருந்தால் இன்றைக்கு ஜெயித்தது ஜெயித்ததுதான்.

“பெல் அடிக்கறதுக்குள்ள கொண்டாந்துர்றனுங்க டீச்சர்” என்றார்.

இறக்கத்தில் கார் கொஞ்சம் கரண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டது. இருபத்து நான்காம் வளைவில் முப்பத்தொன்பது.

மாதேஸ்வரன் வாத்தியார் முன்சீட்டில் ஏறினார். ஏறியதும் அவர் கண் போன இடம் மீட்டர்தான்.

“முப்பத்தொம்போதா? புதன்கிழமை இருபத்திரண்டுல நின்னுது. ஒரு வளைவுக்குச் சராசரி பூச்சியம் புள்ளி ஆறு மூணுன்னு வெச்சா…” என்று கணக்குப் போட்டார். போட்டுவிட்டு, “ஐம்பத்தொண்ணாம் வளைவுல நின்னுரும்” என்றார்.

“பெல்ட்டைப் போட்டுக்குங்க சார்.”

நாற்பதாம் வளைவில் இருபத்தொன்பது. ஐம்பதாம் வளைவில் இருபத்து மூன்று. பின்சீட்டில் அறிவியல் டீச்சர் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். நடப்பதற்குத் தயாராகிறார் போலிருந்தது.

ஐம்பத்தொன்று.

இருபத்திரண்டு.

வளைவு செங்குத்தாக நிமிர்ந்தது. செங்கோடன் பெடலை அழுத்தினார். பதற்றத்தில் இல்லை, லாரியில் இருபத்தோரு வருஷம் மிதித்த பாதத்தின் நிதானத்தில். கார் இழுத்தது.

இருபத்தொன்று.

“ஓடுது” என்றார் மாதேஸ்வரன் வாத்தியார்.

“ஓடுதுங்க சார்.”

“இருபது. ஓடுதுய்யா!”

“ஓடாம?”

பத்தொன்பது. பதினெட்டு. கணக்கு வாத்தியார் ஒவ்வொரு எண்ணாகக் கிரிக்கெட் வர்ணனை மாதிரி கத்திச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் அறிவியல் டீச்சர் கை தட்ட ஆரம்பித்தார். அறுபத்திரண்டாம் வளைவில் பதினைந்து. அங்கே செங்கோடன் ஒரு காரியம் செய்தார். தேவையே இல்லாமல் ஹாரனை அழுத்தி, வளைவு முடிகிற வரை கையை எடுக்கவில்லை. மலை முழுக்க அது கேட்டது. மரத்திலிருந்த குரங்குகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன.

பள்ளி வாசலில் பதினொன்று. மணி ஒன்பது நாற்பது.

பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஹாரன் சத்தம் அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மாதேஸ்வரன் வாத்தியார் இறங்கி, காரைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கதவைத் தன் கையால் திறந்துவிட்டார்.

“நாளைக்கு எத்தனை மணிக்குங்க வர்றீங்க?” என்றார்.

அத்தனை பிள்ளைகள் முன்னால். எப்போதும் “வாய்யா, போய்யா” என்கிறவர், “வர்றீங்க” என்று. செங்கோடன் இறங்கி நிமிர்ந்து நின்றார்.

“அதே ஏழு மணிதானுங்க சார். நாலு பேருக்கும்.”

பெல் அடித்தது. எல்லாரும் உள்ளே ஓடினார்கள். வாசலில் செங்கோடனும் காரும் மட்டும் நின்றார்கள்.

போன் அடித்தது. கோகிலவாணி. தானாக யாருக்கும் போன் செய்கிறவள் இல்லை அவள்.

“மேல போய்ட்டீங்களாங்ணா?”

“ரெண்டு தடவை போய்ட்டமுங்க அம்மிணி! ரெண்டு தடவை!”

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இப்ப வித்தியாசம் எவ்வளவு காட்டுது?”

செங்கோடன் காரின் முகப்பில் கையை வைத்தார். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“தொண்ணூத்தாறு பேரும் இப்பத்தானுங்க மலையேறி வந்திருக்கறாங்க” என்றார். “சித்த நேரம் உக்காந்து மூச்சு வாங்கட்டும். அப்பறமா கேட்டுச் சொல்றனுங்க.”